அவுட்டர் ஹெப்ரிடீஸ் நாட்குறிப்பு: காலிக்கை எங்கே பேசுகிறார்கள்?

வியாழன், ஸ்கை தீவு

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான காலிக்கை இன்னும் பேசும் மேற்குத் தீவுகளுக்குக் கிளம்பினேன். கிளாஸ்கோவிலிருந்து மேற்குக் கரையின் மாலெய்க் வரைக்கும் ரயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் பாதி தூரத்துக்கு ஆள் நடமாட்டமே கிடையாது. சதுப்பு, ஏரி, எங்கோ இரண்டு மான், மறுபடியும் சதுப்பு. சினிமாவில் பார்த்த கிளென்ஃபின்னன் பாலம் வந்தபோது மட்டும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்து போனை நீட்டினார்கள். பாலம் தாண்டியதும் பழையபடி தூங்கப் போய்விட்டார்கள்.

இந்த வெறிச்சோடிய அழகைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் இங்கே ஊர்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த நூறு வருடத்துக்கு நிலச்சுவான்தார்கள் குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆட்டு ரோமத்தில் வந்த காசு, குடிவாரத்தில் வரவில்லை. கிளம்பியவர்களில் ஒரு பங்கு கடற்கரைக்குப் போனது, ஒரு பங்கு கிளாஸ்கோ ஆலைகளுக்கு, மீதி கப்பலேறிக் கனடாவுக்கு. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் இன்றும் காலிக் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்றால் அப்படிப் போன கூட்டத்தால்தான்.

சரி, பெயர் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அயர்லாந்தில் பேசுவதும் இங்கே பேசுவதும் ஒரே குடும்பத்து மொழிகள்தான். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியைக் ‘காலிக்’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ‘கேலிக்’ என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் தொனிக்கும், அது வேறு வம்பு.

மாலெய்க்கில் படகு ஏறி ஆர்மடேலில் இறங்கினால் ஸ்லேட் பகுதி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சவல் மோர் ஓஸ்டெக். ஸ்காட்லாந்தில் எல்லாப் பாடத்தையும் காலிக்கிலேயே நடத்தும் கல்லூரி. பெயருக்கு அர்த்தம் ‘ஓஸ்டெக்கின் பெரிய களஞ்சியம்’. பழைய பண்ணைக் கட்டடத்தில் தொடங்கியதால் வந்த பெயர் அது. 1973இல் இதைத் தொடங்கிவைத்தவர் இயன் நோபிள். வங்கித் தொழிலில் இருந்தவர், இங்கே நிலம் வாங்கி வந்த பிறகு காலிக் கற்றுக்கொண்டவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. போர்ட்ரீ ஊருக்குள் போகும் சாலையை அகலப்படுத்த அவருடைய நிலம் அரசு நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது. “நிலத்தை இனாமாகவே தருகிறேன், பலகையில் காலிக்கும் இருக்க வேண்டும்” என்று நின்றுவிட்டாராம். இன்றைக்கு ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதி முழுக்கச் சாலையில் இரண்டு மொழிப் பலகை சகஜம். அன்றைக்கு அதற்கு ஒரு துண்டு நிலம் கொடுக்க வேண்டியிருந்தது.

கல்லூரி உணவகத்தில் ஒரு மாணவியுடன் பேச்சுக் கொடுத்தேன். கிளாஸ்கோ பெண். வீட்டில் யாருக்கும் காலிக் தெரியாது. தாத்தாவின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்றாள். 2019இல் மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ ஆப்பில் காலிக் வந்ததும் விளையாட்டாக ஆரம்பித்தவள், இப்போது பட்டப் படிப்பு. எழுத்து மொத்தம் 18தான், ஜே, கே, க்யூ, வி எல்லாம் கிடையாது என்று மேசைத் துடைப்பானில் எழுதிக் காட்டினாள். வி சத்தம் வேண்டுமென்றால் பி எழுதி எச் போடுவார்கள். பார்த்தால் தலை சுற்றுகிறது, ஆனால் விதி மாறாது. “ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது” என்று அவள் சொன்னதில் ஒரு கர்வம் இருந்தது. வாக்கியம் வினைச்சொல்லில் தொடங்கும் என்பதுதான் அவளை முதலில் படுத்தியதாம். நமக்கோ அது கடைசியில் வரும். இரண்டு பேருக்கும் நடுவில் ஆங்கிலம் உட்கார்ந்திருந்தது.

வெள்ளி, ஹாரிஸ்

காலையில் போர்ட்ரீ வழியாக யூயிக் வரைக்கும் பேருந்து. குய்லின் மலைகள் மேகத்துக்குள் இருந்ததால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. யூயிக்கில் படகேறி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஹாரிஸின் டார்பர்ட். அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்கிற மேற்குத் தீவுக்கூட்டத்துக்கு வந்தாயிற்று. மேலே கல், கீழே கல், நடுவில் கல். விவசாயம் என்ற பேச்சே எழ முடியாத மண். இந்த மண்ணுக்கு நெசவுதான் சோறு போட்டது.

ஹாரிஸ் ட்வீட் துணிக்கு என்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. நூல் இந்தத் தீவுகளில் சாயம் போட்டு நூற்ற சுத்தக் கம்பளியாக இருக்க வேண்டும். நெய்கிறவர் தீவுவாசியாக இருக்க வேண்டும், தன் வீட்டில் வைத்துக் கையால் நெய்ய வேண்டும். ஆலையில் நெய்தால் அது ஹாரிஸ் ட்வீட் ஆகாது. ஆலைக்காரர்கள் பாவும் நூலும் கொண்டுவந்து வீட்டில் இறக்குவார்கள். நெய்து முடித்ததை எடுத்துப் போய் அலசிப் பதப்படுத்துவார்கள். அப்புறம் ஓர் ஆய்வாளர் பார்த்து உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரையைக் குத்துவார். மூலப்பொருளும் விற்பனையும் ஆலையிடம், உழைப்பும் முதுகுவலியும் வீட்டில். கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம்.

டார்பர்ட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் தறிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அறுபது வயதுக்காரர் ஒருவர் ஹேட்டர்ஸ்லி தறியில் மிதித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் கிடையாது. இரண்டு மிதிப்பலகையும் மாறி மாறி இறங்க, நாடா பாவுக்குள் பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் முட்டுகிறது. கொட்டகை முழுக்க எண்ணெய் விட்ட கம்பளி வாசம். நூலைக் கையில் கொடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கச் சொன்னார். தூரத்தில் பச்சை. கிட்டத்தில் பார்த்தால் மஞ்சள், நீலம், துரு நிறம், ஒரு சிட்டிகை ஊதா. நூற்ற பிறகு சாயம் போடுவதில்லை, ரோமமாக இருக்கும்போதே போட்டுக் கலந்து நூற்கிறார்கள். அதனால் ஒரு இழைக்குள்ளேயே அந்தச் சதுப்பு நிலத்தின் நிறமெல்லாம் இருக்கிறது.

முன்பெல்லாம் நெய்த துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நனைத்து, பலகையில் அடித்து அடித்து இறுக்குவார்கள். நனைக்கப் பல நாள் சேர்த்துவைத்த சிறுநீர்தான். ட்வீட் கோட்டு போட்டுக்கொண்டு உலாவும் கனவான்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த அடிக்குத் தாளமாகப் பாடிய பாட்டுகள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அர்த்தமில்லாத அசைகளைப் பல்லவியாகப் பாடுவார்கள். வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பாட்டு மட்டும் மேடைக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நான் வாசலுக்கு வரும்போது நெசவாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் காலிக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் ஒரே நொடியில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நான் போன பிறகு மாறிக்கொள்வார்களாக இருக்கும். கேட்டதற்கு, “புரியாத ஒருத்தர் இருக்கும்போது நம் மொழியில் பேசுவது மரியாதை இல்லை என்றுதான் எங்களை வளர்த்தார்கள்” என்றார். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வந்தால் போதும். இப்போது கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஊர்க் கூட்டத்திலும் அந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

சனி, லூயிஸின் மேற்குக் கரை

லூயிஸும் ஹாரிஸும் பெயரில்தான் இரண்டு தீவு, நிலம் ஒன்றுதான். நேற்று ராத்திரியே பேருந்தில் லூயிஸின் பெரிய ஊரான ஸ்டோர்னவே வந்துவிட்டேன். தங்கியிருக்கும் வீட்டம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். பெயர், ஊர் விசாரித்துவிட்டு, “அப்பா பெயர்?” என்றார். என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் கதை அதுதான். தீவில் பாதிப் பேர் மெக்லியோட், மீதிப் பேர் மெக்டொனால்ட், மாரிசன், மெக்கைவர். கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கே திண்டாட்டம். அதனால் ஊருக்குள் ஆளை அடையாளம் சொல்வது இன்னாருடைய மகன் இன்னாருடைய மகன் இன்னார் என்றுதான். புதுமுகத்தைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி “கோ லேஷ் ஊ?”. நீ யார் வீட்டுப் பிள்ளை?

மேற்குக் கரையைச் சுற்றும் பேருந்தில் காலனிஷ் போனேன். ஐயாயிரம் வருடத்துக் கற்கள், வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள், காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தக் கற்களை நட்டவர்கள் காலம் காலிக்குக்கும் முந்தியது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு ஆர்னலுக்கு வருகிறேன்.

ஆர்னலில் 42ஆம் எண் வீடு ஒன்றை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ‘கறுப்பு வீடு’ என்று பெயர். இரண்டு கற்சுவர், நடுவில் மண் கொட்டியது, மேலே வைக்கோல் கூரை. புகைபோக்கி கிடையாது. தரை நடுவில் நெருப்பு, அதன் புகை கூரை வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. மனிதர்கள் ஒரு பக்கம், மாடுகள் மறுபக்கம், கூரை ஒன்று. உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது, ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது. ஏதோ இடைக்கால வீடு என்று நினைக்க வேண்டாம். கட்டியது 1880 வாக்கில். 1960களின் நடுப்பகுதி வரை இதில் குடியிருந்திருக்கிறார்கள்.

எரிவது பீட். சதுப்பில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருடம் மக்கி உண்டான கறுப்பு மண். வசந்த காலத்தில் செங்கல் அளவில் வெட்டி, அடுக்கி, கோடையில் காயவைத்து, குளிர்காலத்தில் எரிக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் எண்ணெய் அடுப்புதான். ஆனால் வழியில் இரண்டு மூன்று வீடுகளுக்குப் பக்கத்தில் பீட் குவியலைப் பார்த்தேன்.

அந்த நெருப்பைச் சுற்றிக் குளிர்கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் கூடுவதற்குத்தான் ‘கேய்லி’ என்று பெயர். இன்றைக்கு வெளியூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் அக்கார்டியனும் ஆட்டமுமாகத் திருமண மண்டபம்தான் நினைவுக்கு வரும். அப்போது அது சும்மா பக்கத்து வீட்டுக்குப் போய் உட்காருவது. கதை, பாட்டு, வம்பு, யார் வீட்டு மாடு கன்று போட்டது. இந்தப் பேச்சுகளை ஒலிநாடாவில் பிடிக்க எடின்பரோ பல்கலைக்கழகம் 1951இல் ஒரு துறையே தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள் மணிக்கணக்கில் சொன்ன வீரக்கதைகள் அந்த நாடாக்களில் இருக்கின்றன. இணையத்திலும் நிறையப் போட்டுவிட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதது அவர்கள் குற்றமல்ல. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஸ்காட்லாந்தில் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியது. அதில் காலிக் என்ற சொல்லே இல்லை. வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் கேட்டிராத பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் கேட்டார்கள். வீட்டம்மாவின் அம்மா விளையாட்டு மைதானத்தில் காலிக் பேசியதற்காகப் பிரம்படி வாங்கியிருக்கிறார். அப்படி அடி வாங்கியவர் தன் கடைசிப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். “அக்காவோடு காலிக், தம்பியோடு ஆங்கிலம். ஒரே வீடு, ஒரே அடுப்பு” என்றார் வீட்டம்மா.

ஞாயிறு, ஸ்டோர்னவே

இன்று பேருந்து இல்லை. கடைகள் அநேகமாக மூடியிருக்கின்றன. லூயிஸின் ஓய்வுநாள் பிரசித்தம். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்னவேயிலிருந்து படகு விட ஆரம்பித்ததே 2009இல்தான், அதற்கும் பெரிய எதிர்ப்பு இருந்தது. துணி உலர்த்தக்கூடாது என்பார்கள். வீட்டம்மா அவ்வளவு கறார் இல்லை. ஆனால் கொடியில் ஒன்றும் தொங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

மதியம் காலிக் ஆராதனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெறும் சுவர், படம் கிடையாது, சிலை கிடையாது, ஆர்கன் கிடையாது. பாட்டுக்கு உட்காருகிறார்கள், ஜெபத்துக்கு நிற்கிறார்கள். பாடுவது தாவீதின் சங்கீதங்கள் மட்டும்.

முன்னால் ஒருவர் எழுந்திருக்காமலேயே முதல் வரியை எடுத்தார். சபை அதைப் பிடித்துக்கொண்டது. சேர்ந்திசை என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொருவரும் அதே மெட்டைத் தன் மூச்சுக்கு ஏற்றபடி இழுக்கிறார்கள், தனக்குத் தோன்றிய இடத்தில் குழைக்கிறார்கள். ஒருவர் முன்னே போகிறார், பக்கத்திலிருப்பவர் பின்னால் வருகிறார். அதற்குள் முன்னால் இருப்பவர் அடுத்த வரியை, இவர்கள் வாலைப் பிடித்தபடி, வேகமாக ஓதிக் கொடுக்கிறார். புத்தகம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில் வந்த ஏற்பாடு, பழகிப் போய் அதுவே இசையாகிவிட்டது. அலை வந்து உடைவதற்கு முன்னாலேயே அடுத்த அலை எழுவதைப் போல இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கை தானாகப் பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மொத்தம் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே நான் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஆங்கில ஆராதனைக்கு இதைவிடக் கூட்டம் அதிகம் என்றார் வீட்டம்மா. ஆனால் மதத்தால்தான் பாட்டுக் கதை எல்லாம் போயிற்று என்று இங்கே சிலர் சொல்வதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். போதகர்கள் பலர் பிடிலையும் ஆட்டத்தையும் பாவம் என்றது உண்மை. அதே சபைதான் பள்ளிக்கூடம் ஒதுக்கிவைத்த மொழியைப் புத்தகமாக்கிக் கையில் கொடுத்தது. காலிக்கில் புதிய ஏற்பாடு 1767இல் வந்தது, முழு பைபிள் 1801இல். தாய்மொழியில் படிக்கத் தெரிந்த தாத்தாக்கள் எல்லோரும் அதில் படித்தவர்கள்தான்.

சாயங்காலம் ஹோம் முனை வரைக்கும் நடந்தேன். அங்கே ‘அயோலேர்’ நினைவுத்தூண் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து, புத்தாண்டுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த கடற்படைக்காரர்களை ஏற்றி வந்த கப்பல் அது. 1919 ஜனவரி 1ஆம் தேதி அதிகாலை, துறைமுக விளக்கு தெரியும் தூரத்தில், பாறையில் மோதியது. 201 பேர் போய்விட்டார்கள். 79 பேர் பிழைத்தார்கள். அதில் நாற்பது பேர் வரை, நெஸ் பகுதியைச் சேர்ந்த ஒருவர் நீந்திக் கரைக்குக் கொண்டுவந்த ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். நான்கு வருடம் போரில் தப்பியவர்கள் வீட்டு வாசலில் செத்தார்கள். தீவில் ஐம்பது அறுபது வருடத்துக்கு இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம்.

நான்கு வருடம் கழித்து, 1923 ஏப்ரலில், ‘மெட்டகாமா’ என்ற கப்பல் ஸ்டோர்னவேயிலிருந்து முந்நூறு இளவட்டங்களை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் போனது. காலிக் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் எல்லோரும் பிரம்பையே சொல்கிறார்கள். எனக்கென்னவோ கப்பல்தான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

திங்கள், ஸ்டோர்னவே

காலையில் ஒரு பள்ளியைக் கடந்து போனேன். ஆசிரியை பிள்ளைகளைக் காலிக்கில் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். பிள்ளைகள் அவருக்குக் காலிக்கில் பதில் சொல்லிவிட்டு, தங்களுக்குள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். 2020 முதல் இந்தத் தீவுகளில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, பெற்றோர் வேண்டாம் என்றால் ஒழிய, காலிக் வழிக் கல்விதான். பிரம்பு தூக்கிய இடத்தில் இப்போது பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய மாற்றம்தான். ஆனால் அதே 2020இல் வந்த ஓர் ஆய்வு, தீவுகளில் அன்றாடப் பேச்சு மொழியாகக் காலிக் நீடிப்பது இன்னும் பத்து வருடத்துக்குத்தான் என்று எச்சரித்தது.

கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 1891இல் ஸ்காட்லாந்தில் காலிக் பேசியவர்கள் இரண்டரை லட்சம் பேர். 2011இல் சுமார் 57,000. 2022 கணக்கெடுப்பில் அது 69,701 ஆக ஏறியது, செய்தியெல்லாம் அமர்க்களப்பட்டது. 2025இல் ஆட்சிமொழித் தகுதியும் சட்டமாக வந்துவிட்டது. ஆனால் இந்தத் தீவுகளில் அதே பதினோரு வருடத்தில் காலிக் பேசுகிறவர்கள் 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக இறங்கிவிட்டார்கள். முதல் முறையாகப் பாதிக்குக் கீழே. நகரத்தில் படிக்கிறார்கள், ஊரில் பேசுகிறவர்கள் குறைகிறார்கள்.

படகுக்கு நேரம் இருந்ததால் லூஸ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு சொந்த வேலை இருந்தது. காலின் மெக்கன்சி இந்த ஊர்க்காரர். 1754 வாக்கில் பிறந்து, இங்கே சுங்க அதிகாரியாக இருந்து, 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குச் சென்னைக்கு வந்தவர். பிறகு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கல்வெட்டுப் படிகளும் சுவடிகளும் ஊர் வரலாறுகளும் சேர்த்தார். தமிழோ தெலுங்கோ அவருக்கு வராது, போரய்யா சகோதரர்கள் போன்ற உதவியாளர்கள்தான் கண்ணும் காதும். அந்தச் சேகரிப்பில் பெரிய பங்கு இன்றும் சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கைபீதுகளை, அதாவது அந்த ஊர் வரலாறுகளை, தேடிப் போகிறவர்கள் மெக்கன்சி பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்டோர்னவே கடைத்தெருவில் நான் கேட்டுப் பார்த்த வரையில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. “மெக்கன்சியா, எந்த மெக்கன்சி? அப்பா பெயர் என்ன?” என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

கிளம்பும்போது வீட்டம்மா ‘பிளாக் புட்டிங்’ என்கிற ரத்தத் தொத்திறைச்சியும் ஓட் ரொட்டியும் கட்டிக் கொடுத்தார். ஸ்டோர்னவேயின் இந்தத் தொத்திறைச்சிக்குப் புவிசார் அங்கீகாரம்கூட உண்டு. மகனைப் பற்றிக் கேட்டேன். கிளாஸ்கோவில் இருக்கிறார். இரண்டு பேரப் பிள்ளைகளும் அங்கே காலிக் பள்ளியில் படிக்கிறார்கள், போனில் பாட்டியோடு காலிக்கில்தான் பேச்சு. கணக்கெடுப்பில் ஏறிய எண்ணிக்கையில் அந்த இரண்டும் சேர்த்தி. மகனுக்குத் திரும்பி வர ஆசைதான், வேலையைக்கூட வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். வீடுதான் கிடைக்கவில்லை. இரண்டு முறை விலை பேசி, இரண்டு முறையும் தெற்கிலிருந்து வந்தவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். பக்கத்து வீடும் அப்படிப் போனதுதான். வருடத்தில் மூன்று வாரம் வருவார்களாம்.

“கெட்டவர்கள் இல்லை” என்றார் வீட்டம்மா. “நாய்க்குக்கூடக் காலிக் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.”

உல்லாபூல் படகு மதியம் இரண்டு மணிக்கு. அங்கிருந்து இன்வர்னெஸ் பேருந்து கிடைத்தால் ராத்திரிக்குள் போய்விடலாம்.